பட்டியலில் இரண்டாவது பெயர்

அலைமகள் மகளிர் கால்பந்துக் கழகம் இருபது வருடத்தில் லீக் கோப்பையை ஜெயித்தது மூன்றே மூன்று தடவைதான். ஆனால் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்தக் கழகத்துக்கு நாலு முறை வந்திருக்கிறது. கிழக்குக் கரை மகளிர் லீக்கில் ஆடுகிற எட்டுக் கழகங்களில் வேறு எதற்கும் அது மூன்று தடவைக்கு மேல் வாய்த்ததில்லை. "கப்பு போனா போவட்டும், பெஸ்ட் பிளேயர் நம்ம பொண்ணுதான்" என்று புதுப்பட்டினம் கடைத்தெருவில் டீ குடிப்பவர்கள்கூடச் சொல்வார்கள். 2011-இல் ஆதியம்மாள். 2014-இல் ஜெயப்பிரியா. 2018-இல் பிரியங்கா. 2023-இல் ஜெசிந்தா.

யாராவது இந்தப் பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தால் ஜெயப்பிரியாவுக்குக் காது சூடாகிவிடும். தன் பெயர் வருவதற்குள் எழுந்து போய்விடுவாள். கூச்ச சுபாவம் என்று கழகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை. வயது இருபத்தொன்பது. கணவன் ரஞ்சித்குமார் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கல்யாணமான புதிதில் அவன் அந்த விருதுக் கேடயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தான். தூசி அடைகிறது என்று சொல்லி அவள் மறுபடி பரணில் ஏற்றிவிட்டாள்.

அவள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா தனகோடிக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பிழைப்பு என்னவோ வேன் ஓட்டுவதில்தான். பள்ளிக்கூடத்தில் ஹெலன் மிஸ் இருந்தார். அவர்தான் அலைமகள் கழகத்தைத் தொடங்கியவர். சனிக்கிழமையானால் பெண்களைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுப்பட்டினம் மணல் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கேதான் ஜெயப்பிரியா கன்னியம்மாவைப் பார்த்தாள். மீனவக் குப்பத்துப் பெண். அப்பா இருசப்பன் கடலுக்குப் போகிறவர். ஏழு வயதிலிருந்து மணலில் ஓடிய கால்கள் கன்னியம்மாவுக்கு. புல் தரையில் விட்டால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது.

ஜெயப்பிரியா நடுக்களத்தில் ஆடினாள், கன்னியம்மா முன்னால். இவள் பந்தை எங்கே போடப் போகிறாள் என்று எதிராளிக்குத் தெரிவதற்கு முன்னால் கன்னியம்மாவுக்குத் தெரிந்துவிடும். "நீ தூக்கிப் போடு ஜெயா, நான் பாத்துக்கறேன்" என்பாள். பார்த்துக்கொண்டும் இருந்தாள். 2014 சீசனில் அவள் அடித்த கோல் பதினேழு. அந்த வருடம் கோப்பையும் அலைமகளுக்கே வந்தது.

சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிமையானது. சீசன் முடிந்ததும் ஒவ்வொரு கழகமும் ஒரே ஒரு பெயரைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். எட்டுப் பெயர்களிலிருந்து லீக்கின் குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். கோப்பை ஜெயித்த கழகம் யார் பெயரைத் தருகிறதோ அவருக்குத்தான் பெரும்பாலும் விருது போகும். அந்த வருடம் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கோச், லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஃபீஸ் இல்லாமல் சீட்டும் ஹாஸ்டலும் தருவதாக ஹெலன் மிஸ்ஸிடம் சொல்லியிருந்தார். இருவருமே அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தார்கள்.

கடைசி ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹெலன் மிஸ் அவசரத்தில் இருந்தார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில். படிவத்தின் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு ஜெயப்பிரியாவிடம் கொடுத்தார். கழகத்தில் எழுத்து வேலையெல்லாம் அவளுடையதுதான். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"கோல் கணக்கெல்லாம் உன் நோட்ல இருக்கில்ல? அதப் பாத்து எழுதிடு. கன்னியம்மா பேரப் போட்டு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள லீக் ஆபீஸ்ல குடுத்துடும்மா. எனக்கு வர முடியாது."

"சரிங்க மிஸ்" என்றாள் ஜெயப்பிரியா.

மறுநாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். கழகத்தின் பெயர், ஆடிய ஆட்டங்கள், ஜெயித்தவை எல்லாம் எழுதினாள். வீராங்கனையின் பெயர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அந்தப் பதினேழு கோலில் எத்தனை பந்து யார் போட்டது? அப்பாவால் காலேஜுக்குப் பணம் கட்ட முடியுமா? கன்னியம்மா வீட்டில் அவளை எப்படியும் படிக்க அனுப்பப் போவதில்லை, தை மாதம் வந்தால் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நியாயங்கள் வந்து வரிசை கட்டின. தன் பெயரை எழுதினாள். கோல்: நாலு. கோலுக்கு வழி செய்தது: பதினாலு. எண்கள் எல்லாமே சரியானவை. பெயர் மட்டும்தான் திருட்டு.

லீக் ஆபீஸில் இருந்தவர் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் முத்திரை குத்திக் கோப்பில் போட்டார். யாராவது கேட்டால் மறதியாக எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபடியே அவள் பஸ் ஏறினாள். யாரும் கேட்கவில்லை.

விருது விழா மே மாதத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. கன்னியம்மா புதுச் சுடிதார் போட்டு வந்திருந்தாள். அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் வராத இருசப்பன் வெள்ளைச் சட்டையோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மைக்கில் ஜெயப்பிரியாவின் பெயரைச் சொன்னார்கள். முதலில் கை தட்டியது கன்னியம்மாதான். மேடைக்குப் போகும்போது இருசப்பன் மகளிடம் கேட்பது ஜெயப்பிரியாவின் காதில் விழுந்தது.

"இன்னா கன்னி, உன் பேருதான்னு சொல்லிக் கூட்டினு வந்த?"

விழா முடிந்து எல்லோரும் கலையும்போது கன்னியம்மா ஹெலன் மிஸ்ஸிடம் வந்தாள். ஜெயப்பிரியா கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"மிஸ், நீங்க யார் பேரு குடுத்தீங்க?"

ஹெலன் மிஸ் ஜெயப்பிரியாவை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஜெயப்பிரியா பேருதான்" என்றார் மிஸ். "நான்தான் குடுத்தேன்."

கன்னியம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. மிஸ் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வரவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "வெத்துப் படிவத்துல கையெழுத்துப் போட்டது நான். வெளிய தெரிஞ்சா கழகத்தையே லீக்ல இருந்து தூக்கிடுவாங்க. இத்தன பொண்ணுங்க எங்க போவாங்க? அதனாலதான் அப்படிச் சொன்னேன். உனக்காக இல்ல." அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் அவளிடம் கொடுத்து எழுதச் சொன்னதில்லை.

ஜெயப்பிரியா அந்த சீட்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் நினைத்துப் பார்த்தாள். தனகோடி ஊரெல்லாம் சொல்லி, குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைத்துவிட்டார். அவள் பொத்தேரிக்குப் போனாள். பட்டம் வாங்கினாள், மேலே விளையாட்டுப் படிப்பும் படித்தாள், வேலை கிடைத்தது. கன்னியம்மாவுக்கு அடுத்த தை மாதமே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சின்னராசு அதே குப்பத்துக்காரன், கடலுக்குப் போகிறவன். இரண்டு வருடத்தில் அவள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் கடை போட்டாள்.

இடையில் நாலைந்து தடவை இருவரும் சந்தித்துக்கொண்டதுண்டு. ஒவ்வொரு தடவையும் கன்னியம்மா சிரித்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொள்வாள். "உன் மேல இன்னாடி கோவம் எனக்கு? மிஸ்ஸுதான் என் முதுகுல குத்திட்டாங்க. மீன்காரப் பொண்ணு காலேஜ்ல போயி இன்னா கிழிக்கப் போறான்னு நெனச்சிருப்பாங்க" என்று ஒருமுறை சொன்னாள். மிஸ்ஸின் அம்மா இறந்தபோது அலைமகள் பெண்கள் அத்தனை பேரும் போனார்கள், அவள் போகவில்லை. மிஸ்ஸை அவள் திட்டும்போதெல்லாம் ஜெயப்பிரியா கேட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் புதுப்பட்டினம் மார்க்கெட் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இந்த வருடம் கழகத்துக்கு இருபது வயது. தலைவர் ராஜாராம், திருக்கழுக்குன்றத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், விழாவும் நினைவு மலரும் ஏற்பாடு செய்தார். ஜெயப்பிரியாவுக்குப் போன் வந்தது.

"அம்மா, மலர்ல மெயின் மேட்டரே நம்ம பெஸ்ட் பிளேயர் வரலாறுதான். நாலு பேரு, நாலு பக்கம். நீதான் எழுதணும். டீச்சரு, விருது வாங்குனவ, உன்ன வுட்டா யாரு?"

"வேற யாரையாவது..."

"வேற யாருக்கு எழுத வரும்? உன் பக்கத்துக்கு மட்டும் ஹெலன் மிஸ்ஸாண்ட ஒரு வார்த்த கேட்டுப் போட்டுக்க. உன்ன ஏன் செலக்ட் பண்ணாங்கன்னு அவங்க வாயால வந்தா நல்லாருக்கும்."

ஆதியம்மாளுடைய பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினாள். பிரியங்காவுடையதும் ஜெசிந்தாவுடையதும் முடிந்தன. 2014 என்று எழுதிய தாள் மட்டும் பத்து நாள் அப்படியே கிடந்தது. கடைசியில் ரஞ்சித்குமாரிடம் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டான்.

"பதினோரு வருஷம் ஆச்சு. அந்த அம்மாவும் கடையும் வியாபாரமுமா நல்லாதான் இருக்காங்க. இப்பக் கிளறி யாருக்கு இன்னா ஆவப்போவுது?"

அவன் கெட்டவனாகச் சொல்லவில்லை. ஆனால் "நல்லாதான் இருக்காங்க" என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. பேக்கரியில் உட்கார்ந்து அவள் சொல்லிக்கொண்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் போனாள். மார்க்கெட்டில் அணுமின் நிலைய டவுன்ஷிப்காரர்கள் கூட்டம். கன்னியம்மா பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அரிவாள்மனையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏய் ஜெயா! வா வா. இன்னா எளச்சுப் போயிட்ட? பூங்கொடி, இவதான் எங்க டீச்சரு, சொன்னேன்ல" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள். "சங்கரா வாங்கிக்க, இப்பதான் வந்துச்சு."

"கன்னி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் அந்தாண்ட வரியா?"

"வியாபார நேரம்டி. இங்கியே சொல்லு."

ஆகவே அங்கேயே, மீன் வாங்குபவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்க, ஜெயப்பிரியா சொன்னாள். வரும் வழியெல்லாம் கோத்து வைத்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. மிஸ் உன் பேரைத்தான் எழுதச் சொன்னாங்க, நான்தான் என் பேரை எழுதினேன் என்பது மட்டும் வந்தது.

கன்னியம்மாவின் கை நிற்கவில்லை. இரண்டு துண்டு நறுக்கினாள். தராசில் நிறுத்துக் கவரில் போட்டு வாங்க வந்த அம்மாளிடம் கொடுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். கழகத்துக்குக் கெட்ட பேர் வரும்னு..."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான்."

கன்னியம்மா அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

"எங்க வூட்ல அனுப்ப மாட்டாங்கன்னு நெனச்சியா?" கன்னியம்மாவின் குரல் தணிந்துதான் இருந்தது. "நைனா ஹாஸ்டலுக்குன்னு பெட்டி வாங்கியாந்து வெச்சிருந்துச்சு. சிவப்புப் பெட்டி. அந்தப் பெட்டியிலதான் துணி வெச்சு என்னக் கட்டிக் குடுத்தாங்க."

கன்னியம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பூங்கொடி, கடையப் பாத்துக்க. வண்டி எடு, மிஸ்ஸு வூட்டுக்குப் போலாம்."

ஹெலன் மிஸ் ஓய்வு பெற்றபின் திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்துத் தெருவொன்றில் தனியாக இருந்தார். வழியெல்லாம் கன்னியம்மா வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாளே தவிர ஜெயப்பிரியாவின் தோளில் கை வைக்கவில்லை. மீன் வாசனை மட்டும் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. வாசலில் இறங்கியதும், "நீ இங்கியே நில்லு" என்றாள்.

ஜெயப்பிரியா கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே கன்னியம்மாவின் குரல் உயர்ந்தது. "நான் மீன்காரி மிஸ், அதுக்குன்னு மனுஷி இல்லியா?" என்பது தெளிவாகக் கேட்டது. பிறகு மிஸ்ஸின் குரல். தெருவில் போனவர்கள் ஜெயப்பிரியாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மிஸ்ஸிடம் படித்த யாரோ ஒருத்தி, "உள்ள போங்க டீச்சர், ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டாள். இல்லை, பரவாயில்லை என்றாள் ஜெயப்பிரியா.

கன்னியம்மா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"மிஸ்ஸு அழுவுறாங்க. உள்ள போயி பக்கத்துல குந்து. நான் பஸ்ஸுல போயிக்கறேன்."

"நான் கொண்டாந்து வுடறேன் கன்னி..."

"வேணாம் டீச்சர்" என்றாள் கன்னியம்மா. அந்த ஒரு சொல்லில் அவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது ஜெயப்பிரியாவுக்குப் புரிந்தது.

உள்ளே ஹெலன் மிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "பதினோரு வருஷம் என்னைத் திட்டினா, தாங்கிக்கிட்டேன். இன்னைக்கு நீங்களாவது உண்மையச் சொல்லியிருக்கலாமேன்னு ஒரே வார்த்தைதான் கேட்டா. அதத்தான் தாங்க முடியல" என்றார். அவர் சம்மதத்தோடு ஜெயப்பிரியா அன்றைக்கே 2014-ஆம் வருடப் பக்கத்தை எழுதி முடித்தாள். நடந்தது நடந்தபடி. எட்டே வரிதான் வந்தது.

ராஜாராம் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதப் போட்டா லீக்காரன் சும்மா இருப்பானா? பேஜாரா பூடும்மா. இப்ப ஆடற பொண்ணுங்க இன்னா பாவம் பண்ணாங்க?" மிஸ் அன்றைக்குப் பஸ்ஸில் சொன்ன அதே காரணம். ஜெயப்பிரியா லீக் ஆபீஸுக்கும் எழுதிப் பார்த்தாள். இப்போதைய செயலாளர் மோகன் போனில் பேசினார்: அப்போதிருந்த குழு கலைந்துவிட்டது, பதிவை மாற்ற முடியாது, கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம். மலர் அச்சாகி வந்தபோது அவளுடைய எட்டு வரி அதில் இல்லை. யாரோ எழுதிய ஒரு பக்கம் இருந்தது. அதன் தலைப்பு, ‘நடுக்கள ராணி’.

விழா ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாலு வெற்றியாளர்களையும் மேடையில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது வரிசையில் ஹெலன் மிஸ். அவருக்குப் பக்கத்தில் கன்னியம்மா. மிஸ் தானே குப்பத்துக்குப் போய்க் கூப்பிட்டாராம். பின்னால் இருசப்பனும் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஆதியம்மாள் பேசி முடித்ததும் ஜெயப்பிரியா எழுந்தாள். மலரில் இருப்பது பொய் என்று ஆரம்பித்து, பேக்கரி, படிவம், பெயர் எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த விருது கன்னியம்மாவோடது. அந்த காலேஜ் சீட்டும் அவளோடது" என்று முடித்தாள்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அது அப்படியே பரவி மண்டபமே தட்டியது. ராஜாராம் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா! தோழிக்காகத் தன் விருதையே வுட்டுக் குடுக்கறதுன்னா எம்மாம் பெரிய மனசு வேணும்! இதான் அலைமகள்!"

கைதட்டல் இன்னும் கூடியது. ஜெயப்பிரியாவுக்கு முகம் எரிந்தது. பதினோரு வருடம் முன்னால் அந்தப் பள்ளி மேடையில் நின்றதைவிட இது மோசமாக இருந்தது. மைக்கை மறுபடி கேட்டு வாங்கினாள்.

"பெரிய மனசு இல்ல சார். நான் திருடுனேன். அதத்தான் சொன்னேன்."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. கடைசியாக நிறுத்தியவருக்கே வெட்கமாக இருந்திருக்கும். ராஜாராம் அவசரமாக பிரியங்காவின் பெயரைக் கூப்பிட்டார்.

மேடையை விட்டு இறங்கியபோது இருசப்பன் எதிரே வந்தார். கன்னியம்மா அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அன்னிக்கு வூட்டுக்குப் போயி அவளக் கை நீட்டிட்டேன்மா" என்றார். "பொய் சொல்லி என்ன அம்மாம் ஜனத்துக்கு முன்னால குந்த வெச்சுட்டான்னு. பொய் சொல்லல அவ."

"அப்பா..." என்றாள் ஜெயப்பிரியா. அவர் காத்திருக்கவில்லை. மகள் இருந்த பக்கம் நடந்தார்.

சாயங்காலம் மணல் மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்களுக்கென்று அரைமணி நேர ஆட்டம் வைத்திருந்தார்கள். கன்னியம்மா இறங்குவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் புடவையை மாற்றி, யாருடைய டிராக் பேன்ட்டையோ மாட்டிக்கொண்டு இறங்கினாள். பெயர் எழுதிய சீட்டுகளை எடுத்து அணி பிரித்ததில் இருவரும் ஒரே பக்கம் வந்தார்கள்.

ஜெயப்பிரியா பந்து கிடைத்தபோதெல்லாம் கன்னியம்மாவுக்குப் போட்டாள். கன்னியம்மா அதை வாங்கி ஆதியம்மாளுக்குக் கொடுத்தாள், ஜெசிந்தாவுக்குக் கொடுத்தாள், இரண்டு கோலும் அடித்தாள். ஜெயப்பிரியாவுக்கு மட்டும் கொடுக்கவே இல்லை. முதல் பத்து நிமிஷத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் கரையில் நின்ற பெண்கள் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஜெயப்பிரியா மேலும் கீழும் ஓடினாள், கை தூக்கவில்லை, கேட்கவுமில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்றே ஓடினாள்.

முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கன்னியம்மாவை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். வலது பக்கம் ஜெயப்பிரியா ஒருத்திதான் காலியாக நின்றாள். கன்னியம்மா பார்த்தாள். பந்து வந்தது, சரியாகக் காலுக்கு. ஜெயப்பிரியா அடித்தாள். பந்து கம்பத்துக்கு இரண்டு கெஜம் வெளியே போய்ப் படகுகள் பக்கம் உருண்டது.

"இன்னா அடி அது" என்றாள் கன்னியம்மா, யாரையும் பார்க்காமல். விசில் ஊதியது. அவள் போய் ஹெலன் மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். மிஸ் அவள் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

இது நடந்த மூன்றாம் நாள் பள்ளியில் தலைமையாசிரியை ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டார். யாரோ விழா வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மாவட்டப் போட்டிக்குப் போற டீம் லிஸ்ட்ட இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க பயிற்சி மட்டும் குடுங்க" என்றார். ஜெயப்பிரியா சரிங்க மேடம் என்று வெளியே வந்தாள். வராந்தாவில் நின்ற மற்ற ஆசிரியைகள் பேச்சை மாற்றினார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. பதினாறு பெயர். ஜெயப்பிரியா இரண்டு தடவை படித்தாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற, வயலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண்ணின் பெயர் அதில் இல்லை. அணியில் இரண்டு பேரை விட்டாலும் விடலாம், அவளை விடக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். பாதி தூரத்தில் நின்றாள். திரும்பி வந்து தலைமையாசிரியை அறைக்கு வெளியே நின்றாள்.

"என்ன ஜெயப்பிரியா?"

"லிஸ்ட்ல ஒரு பேரு விட்டுப்போயிருக்கு மேடம்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொல்றீங்க" என்றார்.

பக்கத்தில் கிளார்க் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஜெயப்பிரியா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சொல்றேன் மேடம். என்ன நம்ப வேணாம். சாயங்காலம் நீங்களே மைதானத்துக்கு வந்து, அவ ஆடறத ஒரு தடவ பாருங்க."